பென்சில் கையெழுத்து

ஹிரோஷி யோஷிதாவின் மரப்பலகை அச்சுப்படம் ஒன்று கைக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் படத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் ஓரத்தைப் பார்ப்பார்கள். கீழே வெள்ளைப் பகுதியில் பென்சிலால் எழுதிய ஆங்கிலக் கையெழுத்து இருக்கிறதா? இடப்பக்கம் ‘ஜிசுரி’ என்ற சிறிய முத்திரை இருக்கிறதா? தானே அச்சிட்டது என்று அந்த முத்திரை சொல்கிறது. முத்திரை இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை அச்சிட்டவை யோஷிதாவின் கைகள் அல்ல. சம்பளத்துக்கு அமர்த்திய தேர்ந்த அச்சுக்காரர்கள் அவருடைய பட்டறையில் உட்கார்ந்து அச்சிட்டார்கள். அவர் அருகில் நின்று மேற்பார்த்தார், திருத்தினார், பிடிக்காததைக் கழித்தார். அப்படி அவர் கண் பார்த்து வெளியேறிய தாளுக்குத்தான் அந்த முத்திரை.

மேற்கத்தியக் கலையின் தாக்கம் பெற்ற ஜப்பானிய ஓவியர் என்று இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒளியையும் தூரக்காட்சியையும் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஓரத்தில்தான் சந்தேகம். மேற்கிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவற்றில் மிகக் கனமானது அந்தப் பென்சில் கையெழுத்துதான் என்று நினைக்கிறேன்.

1876இல் குருமே நகரில் பிறந்தவர். திறமையைக் கண்ட ஓவிய ஆசிரியர் ஒருவர் அவரைத் தத்தெடுத்துத் தன் குடும்பப் பெயரைக் கொடுத்தார். தைலவண்ணமும் நீர்வண்ணமுமாக மேற்கத்திய முறையிலேயே பயின்றார். 1899இல், 23 வயதில், நண்பர் நாககாவா ஹாச்சிரோவுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருவருடைய நீர்வண்ணப் படங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டு நன்றாக விற்றன. பாஸ்டனிலும் விற்றன. அந்தப் பணத்தில் ஐரோப்பாவையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1902இல் பசிபிக் ஓவியர் சங்கம் உருவாவதில் பங்கெடுத்தார். பாரிஸில் படித்துவந்து அரசு ஆதரவுடன் கோலோச்சிய குரோதா செய்க்கியை யோஷிதா ஒருமுறை கைநீட்டி அடித்துவிட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, மலையேறியான அந்த முரட்டு மனிதருக்கு அது பொருந்தித்தான் இருக்கிறது.

மரப்பலகைக்கு அவர் வந்ததே 44 வயதில். 1920இல் வாத்தனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் அவரிடம் படம் கேட்டார். பழைய எடோ காலத்து ஏற்பாட்டையே வாத்தனாபே புதுப்பித்து நடத்திக்கொண்டிருந்தார். ஓவியர் வரைவார், செதுக்குபவர் பலகையில் வெட்டுவார், அச்சுக்காரர் தாளில் ஏற்றுவார், முதல் போட்டு விற்பவர் பதிப்பாளர். ஹொகுசாய், ஹிரோஷிகே எல்லோரும் இந்த நாற்காலியின் ஒரு கால் மட்டும்தான். 1923 செப்டம்பர் 1 அன்று காந்தோ நிலநடுக்கத்தோடு எழுந்த தீயில் வாத்தனாபேயின் கடையும் யோஷிதாவின் பலகைகளும் எரிந்துபோயின. மிஞ்சியதை விற்று, சங்கத்து ஓவியர்களுக்கும் உதவலாம் என்று மறுபடி அமெரிக்கா போனார். அங்கே தைலவண்ணத்தைவிட அச்சுப்படங்களைத்தான் ஆவலாகக் கேட்டார்கள். 1925இல் திரும்பிவந்து சொந்தப் பட்டறை வைத்தபோது அவருக்கு வயது 49. பதிப்பாளர் இடையில் இல்லை. செதுக்குபவரும் அச்சுக்காரரும் இனி ஓவியரின் ஆட்கள்.

அந்தச் சுதந்திரத்தில் பிறந்தவை அபாரமானவை, அதில் இரண்டு பேச்சில்லை. 1926இல் செத்தோ உள்கடல் வரிசையில் வந்த ‘பாய்மரப் படகுகள்’ ஒரே கோட்டுருவத்தில் ஆறு படங்கள்: காலை, முற்பகல், பிற்பகல், மாலை, மூடுபனி, இரவு. அதே படகு, அதே பாய், அதே நீர். பலகைகளை வைத்துக்கொண்டு வண்ணத்தை மட்டும் மாற்றிப் பொழுதை மாற்றிவிடுகிறார். காலையில் பாய்க்குப் பின்னால் வானம் பழுத்திருக்கிறது. மூடுபனியில் படகு இருக்கிறதா என்று ஒரு கணம் தேட வேண்டியிருக்கிறது. வைக்கோல் போர்களை மோனே வேளைக்கு வேளை வரைந்தது 1890–91இல். அந்த மோனேயின் வீட்டுச் சுவர் நிறைய ஜப்பானிய அச்சுப்படங்கள் தொங்கின. ஹிரோஷிகேயின் படங்களை வான்கோ 1887இல் தைலவண்ணத்தில் அப்படியே பார்த்து வரைந்தார். அதற்கும் முன்னால், ஹொகுசாயின் புகழ்பெற்ற அலைக்கு நீலம் கொடுத்த சாயமே பெர்லினில் கண்டுபிடித்தது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் பேரேடு முடியாது. ஆகவே ‘தாக்கம்’ என்பதை யோஷிதா மீது குற்றமாகச் சுமத்துகிறவர்களோடும், பெருமையாகச் சூட்டுகிறவர்களோடும் எனக்கு ஒட்டவில்லை.

திருப்பூரில் நண்பர் ஒருவர் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நீள நீளமான டேபிள்கள். வெட்டிய பனியன் பீஸ்களைக் கோந்து தடவிய டேபிளில் வரிசையாக ஒட்டிவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக இருவர் நின்று ஸ்கிரீனை இறக்கி ஸ்குவீஜியால் இழுத்துக்கொண்டே போவார்கள். கடைசிப் பீஸ் வரை ஒரு கலர். பிறகு திரும்பவும் முதலிலிருந்து அடுத்த கலர். டேபிள் ஓரத்துக் கம்பியில் திருகிய ஸ்டாப்பர்தான் ஒவ்வொரு ஸ்கிரீனும் முந்தைய கலரின் மேல் துல்லியமாக உட்கார வழிகாட்டும். ஒரு நூல் விலகினால் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிடும், பையர் லாட்டையே திருப்பிவிடுவார். ஜப்பானியப் பலகையின் மூலையில் ‘எல்’ வடிவில் ஒரு வெட்டும், அதே விளிம்பில் தள்ளி ஒரு கோடும் இருக்கும். ஈரப்பதமான தாளை அந்த இரண்டிலும் பொருத்தித்தான் ஒவ்வொரு நிறத்தையும் ஏற்றுவார்கள். வேலை ஒன்றுதான், கருவிதான் வேறு.

அங்கிருந்த மாஸ்டரிடம் செல்பேசியில் ‘பாய்மரப் படகுகள்’ மாலைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கினார்.

“வானத்துக்கே அஞ்சு ஸ்கிரீன் போகுமுங்க. தண்ணிக்குத் தனியா. பாய்க்கு ரெண்டு, நெழலுக்கு ஒண்ணு. இருவதுக்குள்ள முடிச்சர்லாம்” என்றார். பிறகு விரல் வானத்தின் மேல்விளிம்பில் நின்றது. “இங்க பாருங்க, மேல கெட்டியா இருக்குது, கீழ வர வர ஒண்ணுமில்லாமப் போயிருது. நாங்க இத ஹாஃப்டோன்லதான் எடுப்போம். அப்பப் புள்ளி தெரியணுமே. புள்ளி எங்கீங்க?”

புள்ளி இல்லை. பலகையின் ஒரு பக்கத்தை ஈரமாக்கி, மறுபக்கம் சாயத்தை வைத்து, தூரிகையால் கலங்கலாகப் பரப்பிவிட்டு, சாயம் காய்வதற்குள் தாளை வைத்துத் தேய்க்கிறார்கள். தேய்க்கும் கருவி மூங்கில் மட்டை போர்த்திய ஒரு வட்டத் தட்டு. அடுத்த தாளுக்கு மறுபடி ஈரம், மறுபடி சாயம். ஒவ்வொரு தாளிலும் அந்த மங்கல் கையாலேயே பிறக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“போட்டது யாருங்க?”

யோஷிதா என்றேன்.

“அவரு டிசைனருங்க. நான் பிரிண்டு போட்டவரைக் கேக்குறேன்.”

என்னிடம் பதில் இல்லை. யோஷிதாவின் வெள்ளை ஓரத்திலும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யோஷிதாவின் காலத்திலேயே தோக்கியோவில் டோய் என்ற பதிப்பாளர் இருந்தார். கவாசே ஹசுய், ட்சுச்சியா கோய்ட்சு போன்றவர்களின் படங்களை வெளியிட்டவர். அவர் வெளியிட்ட படங்கள் பலவற்றின் ஓரத்தில் செதுக்கியவர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் முத்திரையாக இருக்கின்றன. கலைஞனைச் சுரண்டுவதாகப் பேர் எடுத்த வியாபாரி தொழிலாளியின் பெயரைப் போடுகிறார். வியாபாரியிடமிருந்து விடுபட்ட கலைஞர் தன் பெயரை மட்டும் போடுகிறார். படைப்பு ஒருவருடையது, ஒருவருடையது மட்டுமே என்ற எண்ணம் தைலவண்ணத்தோடு சேர்ந்து வந்தது. சட்டத்தில் மாட்டிய கித்தானுக்கு அது சரி. அங்கே வரைபவரும் முடிப்பவரும் ஒருவர்தான். நிக்கோவின் யோமெய் வாசல் படத்துக்கு 1937இல் யோஷிதாவின் பட்டறை 96 முறை நிறமேற்றியது. 96 முறை தாளைப் பொருத்தி, தேய்த்து, எடுத்து, ஈரம் குறையாமல் மூடிவைத்து, மறுபடி எடுத்த வேலையை ஒரே பென்சில் கோட்டில் அடக்க முடியுமா?

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். யோஷிதாவுக்கு வேலை தெரியாமல் இல்லை. தானே உளியெடுத்துச் செதுக்கிய பலகைகள் உண்டு. செதுக்குபவரும் அச்சுக்காரரும் செய்வதை ஓவியன் அவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1939இல் மரப்பலகை அச்சு பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூலில் தாள், பசை, பலகை, உளி என்று எதையும் மறைக்கவில்லை. தொழில் ரகசியத்தைப் பொத்திவைக்கும் ஆள் அல்ல. பெயர் விஷயத்தில் மட்டும்தான் மேற்கத்திய ஓவியராகவே இருந்துவிட்டார்.

நம் பக்கத்தில் இதற்கு இணையாக வைக்கக்கூடியவர் ரவிவர்மா. அவரும் மேற்கத்திய முறைக்கு வந்த ஓவியர், அவரும் அச்சுக்குப் போனவர். 1894இல் பம்பாய்க்குப் பக்கத்தில் அச்சகம் தொடங்கினார். ஆனால் பாதை நேர் எதிர். அவர் ஜெர்மனியிலிருந்து இயந்திரத்தையும் ஆட்களையும் கொண்டுவந்தார். தைலவண்ணத்தில் முடிந்துவிட்ட படத்தைக் கல்லச்சில் ஏற்றி ஆயிரக்கணக்கில் எடுப்பதே நோக்கம். லட்சுமியும் சரஸ்வதியும் கொங்குநாட்டுத் தறிக்குடிசை வரைக்கும் வந்துசேர்ந்தது அந்த வழியில்தான். கடன் முற்றிச் சில ஆண்டுகளிலேயே அச்சகத்தை ஜெர்மானியத் தொழில்நுட்பரிடமே விற்க நேர்ந்தது. ரவிவர்மாவுக்கு அச்சு என்பது படத்தின் நகல். யோஷிதாவுக்கு அச்சுதான் படம். அச்சாகும் வரை படம் என்று ஒன்று இல்லை. ஓவியராக ரவிவர்மா பெரியவரா என்பது வேறு வழக்கு. அச்சுக்காரராக யோஷிதா அவரைவிட வெகுதூரம் போனவர்.

யோஷிதா இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 1930 கடைசியில் மூத்த மகன் தோஷியை அழைத்துக்கொண்டு புறப்பட்டு, 1931 தொடக்கம் வரை சுற்றினார். ஊர் திரும்பி 1931, 32இல் வெளியிட்ட வரிசையில் காசிப் படித்துறை, அமிர்தசரஸ் பொற்கோயில், உதயப்பூர் ஏரி அரண்மனைகள், அஜந்தா, கஞ்சன்ஜங்கா, நம் மதுரைப் பெருங்கோயில் எல்லாம் உண்டு. தாஜ்மகாலை மட்டும் பாய்மரப் படகுகளைப் போலவே விடாமல் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார், காலை மூடுபனியிலும் இரவிலும். வடக்கின் வெண்பளிங்கு அவருக்கு வசமான அளவுக்கு வேறெதுவும் ஆகவில்லை என்பது என் எண்ணம். பளிங்கு எந்த ஒளியையும் வாங்கிக்கொள்ளும். மரப்பலகையில் வெளிச்சம் என்பது செதுக்கி எடுத்துவிட்ட இடம், அதாவது தாளின் வெண்மை. தாஜ்மகால் அந்தத் தாளுக்காகவே கட்டியதுபோல இருக்கிறது.

அந்தப் படங்களில் ஆள் நடமாட்டம் உண்டு, தலைப்பாகை உண்டு, பாம்பாட்டிகள் உண்டு. அவர் நடந்துபோன இந்தியாவில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்குத் தடயமே இல்லை. உப்புச் சத்தியாக்கிரகத்தின் சூடு ஆறவில்லை. 1931 ஜனவரி 26 வரை காந்தி சிறையில் இருந்தார். இந்திய வரிசையின் பலகைகள் தோக்கியோவில் நிறமேறிக்கொண்டிருந்த நாட்களில், 1932 ஜனவரி 10 அன்று, திருப்பூர் வீதியில் கொடியோடு ஊர்வலம் போன குமரனைப் போலீசார் அடித்து வீழ்த்தினார்கள். மறுநாள் அவர் இறந்தார். யோஷிதா பார்த்து வரைந்த மதுரைக் கோயிலுக்குள் அந்த ஊரிலேயே பலருக்கு வழியில்லாதிருந்தது. வைத்தியநாத ஐயர் அவர்களில் சிலரை உள்ளே அழைத்துப்போக 1939 ஜூலை 8 வரை ஆயிற்று. பயணம் வந்த ஓவியர் இதையெல்லாம் வரைந்திருக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம். ஆனால் அவருடைய ஜப்பானிலும் ஆலைப்புகை இல்லை, மின்கம்பம் அபூர்வம் என்பதைச் சேர்த்துப் பார்க்கலாம். வாங்குகிறவர் பாஸ்டனில் இருந்தார். கோயில், பனி, படகு, செர்ரிப்பூ ஆகியவை அவர் கேட்ட சரக்கு. பையர் அனுப்பும் டிசைனுக்கு ஸ்கிரீன் போடும் ஊரிலிருந்து எழுதுகிறவனுக்கு இது புரியாத விஷயம் அல்ல. இங்கே அதைத் தொழில் என்கிறோம், அவ்வளவுதான்.

அந்த வருடங்களில் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஜப்பான் என்றால் ஓவியம் நினைவுக்கு வந்திருக்காது. விலை குறைந்த துணிதான் வந்திருக்கும். பைக்காரா மின்சாரம் வந்து இந்தப் பக்கம் ஆலைகள் பெருகத் தொடங்கிய நேரம் அது. 1933இல் பிரிட்டனில் செய்யாத பருத்தித் துணிக்கு இறக்குமதி வரி 75 விழுக்காடானது. பதிலுக்கு ஜப்பான் இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தது. 1934 ஒப்பந்தம் வந்துதான் சண்டை அடங்கியது. கையால் 96 முறை தேய்க்கும் நாடும், தறித்துணியைக் கப்பல் கப்பலாகக் கொட்டும் நாடும் ஒன்றே என்பது யோஷிதாவின் படங்களை மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியாது.

தோஷி பிறந்தது 1911இல். அதே வருடம் கோயம்புத்தூரில் பிறந்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். இருவரும் சந்தித்ததாக எங்கும் படித்ததில்லை, ஆனால் அவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பிடித்திருக்கிறது. 1950இல் தகப்பனார் இறந்தபின் தோஷி சில காலம் அரூப ஓவியத்துக்குத் தாவினார். அப்பாவின் வெளிச்சத்திலிருந்து வெளியேற அது ஒரு வழி. பணிக்கர் நீர்வண்ண நிலக்காட்சியில் தொடங்கி, வான்கோ முதலானோரின் வண்ணத்தைக் கடந்து, 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு வந்துசேர்ந்தார். ஜாதகக் கட்டம்போலக் கோடுகள், எழுத்துபோல இருந்தும் படிக்க முடியாத வரிகள். மேற்கை உதறிவிட்டார் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் ருசியில்லை. அவர் செய்த இன்னொரு காரியம் இந்தக் கட்டுரைக்கு நெருக்கமானது.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தபோது பணிக்கருக்கு ஒரு கவலை. படித்துவிட்டு வெளியே போகிற பையன்கள் வயிற்றுப்பாட்டுக்காக விளம்பர வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்துவிடுகிறார்கள். ஓவியம் விற்காது, கைவேலை விற்கும். அவரும் மாணவர்களும் மெழுகு வைத்துச் சாயமிடும் பாத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். தோல் வேலையும் செய்தார்கள். அந்த வருமானம் சேர்ந்துதான் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலமானது. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது அங்கேதான். கையெழுத்துள்ள ஓவியத்துக்கு, கையெழுத்தில்லாத துணி சோறு போட்டிருக்கிறது. ஓவியனும் கைவினைஞனும் ஒரே ஆளாக இருந்தபடியால் அங்கே பெயர் அழிந்துபோகவில்லை, வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. யோஷிதாவின் பட்டறையில் அந்த இரண்டும் இரண்டு ஆட்களிடம் இருந்தன, இருவரில் ஒருவருக்கு மட்டும் பென்சில் கிடைத்தது.

பணிக்கரின் ஓவியங்கள் இன்று அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. கோயம்புத்தூரில் அவர் பிறந்த வீடு எது என்று விசாரிக்கிறவர்களும் அவ்வப்போது தென்படுகிறார்கள். எனக்கென்னவோ அந்த பாத்திக் துணிகளில் ஒன்றாவது யார் வீட்டு மேசைவிரிப்பாகவோ திரைச்சீலையாகவோ மிச்சமிருக்கிறதா என்று தேடத்தான் ஆசை. கிடைத்தால் திருப்பூர் மாஸ்டரிடம்தான் முதலில் கொண்டுபோய்க் காட்டுவேன். போட்டது யார் என்று அவர் கட்டாயம் கேட்பார்.